காதுமணியில் இல்லாத பெயர்

கனகவேலின் பெயரை என் கணவரின் காதுமணியிலிருந்து நீக்கியவள் நான்தான். பிறகு யாராவது கோள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட என் வாயாலேயே முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தம்பியை ஒருவர் காதிலிருந்து நீக்குவது நல்ல காரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கெட்ட காரியத்தை நான் செய்யாமல் இருந்திருந்தால், என் கணவர் இன்றைக்கு என்னை இந்துராணி என்று தெரிந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

அவர் பெயர் செண்பகராஜ். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலாளர். கனகவேல் அவருடைய ஒரே தம்பி, எனக்குக் கொழுந்தன். காதுமணியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இப்போது அது இல்லாத காது எங்கே இருக்கிறது? காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவுக்கு ஒட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர் யார், அவர் மகன் எங்கே படிக்கிறான், போன தடவை பார்த்தபோது என்ன பேசினோம் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும். மண்டப வேலையில் இருப்பவருக்கு அது வரப்பிரசாதம். வாசலில் நின்று ஐந்நூறு பேரையும் பெயர் சொல்லி வரவேற்பார். ஊரே மெச்சும்.

சண்டை வந்தது கல்யாணப் பத்திரிகையால். நான்கு வருஷத்துக்கு முன்னால் கனகவேல் தன் மகள் மதுமிதாவுக்குக் கல்யாணம் வைத்தான். பத்திரிகையில் தாய்மாமன், சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று நாற்பத்தேழு பேருடைய பெயர் அச்சாகியிருந்தது. பெண்ணின் சொந்தப் பெரியப்பா பெயர் மட்டும் இல்லை. பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெயர் இல்லை! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பத்திரிகையை அவன் முகத்திலேயே விட்டெறிந்தேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் விடவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. கல்யாணத்துக்கும் போகவில்லை. தெருவில் தம்பி எதிரே வந்தால், “உங்கள் தம்பி கனகவேல் வருகிறார்” என்று காதுமணி பாட்டுக்குச் சொல்லும், இவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே அதைத் திறந்து, இந்த ஆளைப் பற்றியும் அந்தக் கல்யாணத்தைப் பற்றியும் இனிமேல் மூச்சு விடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டேன்.

போன வருஷம் பங்குனியிலிருந்து என் கணவர் மாற ஆரம்பித்தார். நல்லபடியாக மாறினார் என்றுதான் நினைத்தேன். காலையில் எழுந்ததும், “நேத்து முழங்கால் வலின்னியே இந்து, இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று கேட்பார். இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் கேட்காத மனுஷன்! நான் என்ன வாங்கிவரச் சொன்னேனோ அதைச் சரியாக வாங்கிவந்தார். என் அம்மாவின் திதியைக்கூட எனக்கு அவர் நினைவுபடுத்தினார். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். காதுமணிக் கம்பெனியிலிருந்து அவருக்குச் ‘சிறந்த பயனாளர்’ என்று ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். இன்று நினைத்தால் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கூடவே சின்னச் சின்னத் தொந்தரவுகளும் வந்தன. வலப்பக்க முகம் ஒரு நொடி இழுக்கும், அதே நேரம் வலது கை வெட்டும். டம்ளர் கீழே விழும். அடுத்த நொடி ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பார். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இப்படி. சில நேரம் கையெல்லாம் மயிர்க்கூச்செறியும். சாமி அருள் வருகிறது என்றாள் என் பெரியம்மா மகள். உள்ளூர் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உடம்பில் உப்புச்சத்து குறைந்திருக்கிறது, பிரஷர் மாத்திரையால் வந்தது, கொஞ்சம் தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும் என்றார். மாத்திரையை மாற்றினார். நானும் சாம்பாரில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஆவணியில் எட்டயபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். கனகவேலும் வந்திருந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள், நாங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம், அதுதான் வழக்கம். அன்று என் கணவர் நேராக அவனிடம் போனார். தோளில் கை போட்டார்.

“ஏலே கனகு, எப்படி இருக்கே? நம்ம மதுவுக்கு மாப்பிள்ளை ஏதும் அமைஞ்சுதா?”

பந்தியே திரும்பிப் பார்த்தது. மதுமிதாவுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைக்கு ஒன்றரை வயது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என் பெயர் இல்லாத கல்யாணம் எனக்கு நடக்காத கல்யாணம் என்று எத்தனை நாசூக்காகக் குத்திவிட்டார் மனுஷன் என்று எல்லோருக்கும் எண்ணம். பொய் சொல்வானேன், எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று வருஷமாக நான் யோசித்து யோசித்து வைத்திருந்த எந்த வார்த்தையும் இந்த ஒரு கேள்விக்கு ஈடில்லை என்று உச்சி குளிர்ந்துபோனேன்.

மறுநாள் காலையில் கனகவேல் எங்கள் வீட்டு கேட்டில் வந்து நின்றான். நான் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதா என்று கேட்டேன்.

“மதினி, அண்ணன் குத்திக் காட்டல. அவன் கண்ணை நான் பாத்தேன். நெசமாத்தான் கேட்டான்” என்றான். “எங்க அண்ணன் வீம்பு எனக்குத் தெரியும். அவன் நல்லா இருந்தா சாகுற வரைக்கும் என்கிட்ட பேச மாட்டான். பேசிட்டான்னா அவனுக்கு என்னமோ ஆயிப்போச்சு.”

மூக்கை அறுத்தது போதாமல் இப்போது என் கணவரைப் பைத்தியமாக்க வந்தாயா என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தினேனே தவிர, அவன் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிட்டு முடித்ததும், காதுமணியில் அழுக்கு சேர்ந்திருக்கிறது, துடைத்துத் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். குளிக்கும்போதும் தூங்கும்போதும்கூடக் கழற்றாத சாமான் அது. அடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“சாப்பாடு எடுத்து வைக்கலையா இந்து?” என்றார். கையில் இன்னும் ரசத்தின் ஈரம் காயவில்லை.

பையன் காலேஜிலிருந்து வந்துவிட்டானா என்று அடுத்துக் கேட்டார். பையன் படிப்பை முடித்து ஹைதராபாத்தில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியில் நான் ஒன்று கேட்டேன், கேட்டிருக்கவே வேண்டாம்.

“என் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேக்க மாட்டீகளா?”

“உனக்கு முழங்கால் வலியா? எப்பருந்து?”

ஐந்து மாதமாக என்னிடம் அன்பாக நலம் விசாரித்தது அந்தப் புளியங்கொட்டைதான் என்று அப்போது புரிந்தது. அது காதுக்குள் சொல்லியிருக்கிறது, இவர் வாயால் கேட்டிருக்கிறார். ஒருத்தனுக்கு உள்ளே எல்லாம் கரைந்துகொண்டிருக்க, நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே கனகவேலுக்குப் போன் போட்டேன். மூன்று வருஷம் கழித்தும் அவன் நம்பர் எனக்கு மனப்பாடமாக இருந்தது.

“தெருமுனை டீக்கடையிலதான் மதினி இருக்கேன். நீங்க கூப்பிடுவீகன்னு தெரியும்” என்றான்.

அவன் காரிலேயே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். அங்கே நரம்பு டாக்டர் மெர்சி ஜெபராணி. ஒல்லியான அம்மா, சிரிக்கவே மாட்டார். காதுமணியைக் கழற்றி மேஜையில் வைக்கச் சொன்னார். சாவி, மாம்பழம், ரயில் என்று மூன்று வார்த்தைகள் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து அவற்றைக் கேட்டார். என் கணவர், என்ன வார்த்தை என்றார். அப்போதே அவர் முகமும் கையும் ஒரு தரம் இழுத்துவிட்டன. டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தலையை ஸ்கேன் எடுத்தார்கள், மூளையின் மின்னோட்டத்தைப் பார்த்தார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், ரத்தம் குப்பி குப்பியாகப் போனது.

மறுநாள் என்னையும் கனகவேலையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“இதுக்குப் பேரு லிம்பிக் என்செஃபலைட்டிஸ். ரெண்டு காதுக்கும் நேரா, மூளைக்கு உள்பக்கம் ஒரு இடம் இருக்கு. புதுசா நடக்கிறதெல்லாம் அங்கதான் பதியும். அந்த இடம் இவருக்கு வீங்கியிருக்கு. அதனால புதுசு எதுவும் பதியல, பின்னாலயும் மூணு நாலு வருஷம் அழிஞ்ச மாதிரி ஆயிருக்கு.”

ஏன் வந்தது, நான் ஏதாவது தப்பாகச் சமைத்துப் போட்டேனா என்று கேட்டேன். உப்பைக் கூட்டிப் போட்டது மனதை அரித்துக்கொண்டிருந்தது.

“நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. வைரஸ் கிருமியால வரலாம், முதுகு நீர்ல அது இல்ல. உடம்புல எங்கயாவது கட்டி ஒளிஞ்சிருந்தாலும் வரலாம், அதைத் தேடிட்டு இருக்கோம். ரெண்டும் இல்லேன்னா, கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாம சொந்த மூளையையே அடிக்கிறதுதான் காரணம். எனக்கு அதுமேலதான் சந்தேகம். உப்புச்சத்து குறைஞ்சதால குழப்பம் வரலை, இந்த நோயாலதான் உப்புச்சத்தே குறைஞ்சிருக்கு. அந்த ஒரு நொடி இழுப்பு இருக்கே, அதுவும் வலிப்புதான்.”

பிறகு அந்தக் காதுமணியைக் கையில் எடுத்தார். அதன் கணக்கைத் திறந்து பார்த்திருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவை எடுத்துக்கொடுத்திருக்கிறது. கடைசி மாதம் ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை. அதற்குத்தான் கம்பெனிக்காரன் சான்றிதழ் அனுப்பியிருக்கிறான்.

“வழக்கமா வீட்டு ஆளுங்க மறதியைப் பாத்துட்டு ஓடி வருவாங்க. இங்க இது மறதியை மூடி மூடி வச்சிருச்சு. உங்க சண்டை இருந்த இடத்துல மட்டும் மூட முடியல, அது வழியாத்தான் நோய் எட்டிப் பாத்திருக்கு. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா அந்த இடம் சுருங்கிப்போயிருக்கும். அப்புறம் என்ன மருந்து குடுத்தும் பிரயோஜனமில்ல.”

நான் கனகவேலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்த ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். டாக்டரம்மா அதற்குக் காத்திருக்கவில்லை, அன்றைக்கே ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ரத்தத்தை வெளியே எடுத்து, மூளையை அடிக்கும் அந்தக் கெட்ட பொருளை வடித்துவிட்டு உள்ளே அனுப்பினார்கள். கட்டி எங்கேயும் இல்லை என்று தெரிந்தது. ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் அவர் சந்தேகப்பட்டது சரிதான் என்று சொன்னது. அந்த அம்மா கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையை உருவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு, மறதி வந்தால் வீட்டுக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று அவர் அரசாங்கத்துக்கு எழுதி எழுதிப் போராடித்தான், இப்போது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லோருடைய காதுமணியும் வாய் மூடிக்கிடக்கிறது. பெயர் தெரியாமல் திண்டாடும்போது நீங்கள் திட்டுவது எந்த அம்மாவை என்று தெரிந்துகொள்ளுங்கள், எனக்கு அவர் தெய்வம்.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரமும் பகல் முழுக்கக் கனகவேல்தான் பக்கத்தில் இருந்தான். என் கணவருக்கோ அவனிடம் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அந்த மூன்று வருஷமே அவருக்கு இல்லையே. கால் மணிக்கு ஒருதரம், எப்போது வந்தாய் கனகு என்று முகம் மலர்ந்து கேட்பார். மதுவுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்பார். ஒவ்வொரு தடவையும் அவன் முதல் தடவை கேட்பதுபோலவே பதில் சொன்னான்.

“பாத்துக்கிட்டு இருக்கோம்ணே. நீதான் முன்னால நின்னு நடத்தணும்.”

“பத்திரிகையில என் பேரு மொதல்ல வரணும், ஆமா.”

“உன் பேருதான்ணே மொதல்ல.”

இதைக் கேட்க முடியாமல் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவேன். ஒருநாள் அவனும் பின்னாலேயே வந்தான். குணமானால் உங்கள் அண்ணனுக்குச் சண்டையும் ஞாபகம் வந்துவிடுமே, அப்புறம் உன்னைத் திரும்பியும் பார்க்க மாட்டாரே என்றேன்.

“வரட்டும் மதினி. அது வரணும்னுதான உக்காந்திருக்கேன்” என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்தான். காதுமணி இல்லாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவந்தார். முகம் இழுப்பது நின்றது. காலையில் சாப்பிட்டதை மத்தியானம் சொன்னார். பையனிடம் போனில் ஹைதராபாத் வேலையைப் பற்றிக் கேட்டார். வருஷங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. தம்பியிடம் மட்டும் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கனகவேல் ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பைப் பார்த்து, இன்னும் ஆகவில்லை மதினி என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போவான்.

ஐப்பசியில் ஒரு காலை. வழக்கம்போல வந்து, “அண்ணே, இன்னைக்கு எப்படி இருக்கு?” என்றான். என் கணவர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இந்து, இவனை யாரு உள்ள விட்டது? பத்திரிகையில என் பேரைப் போடாதவன் எந்த மூஞ்சியோட என் வீட்டுக்குள்ள வாரான்?”

நான் கனகவேலைப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, ஆனால் சிரிக்கிறான். “வந்துருச்சு மதினி. எல்லாம் வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினான். அங்கே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எங்கள் அண்ணன் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டான் என்று பரிசு விழுந்தவன் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் என் கணவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். கிரகப்பிரவேசத்தில் ஆரம்பித்து அத்தனையும் சொன்னேன். உங்கள் மூளை கரைந்துகொண்டிருந்தபோது கட்டிய மனைவி நான் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன், கண்டுபிடித்தது அவன்தான் என்றேன். இரண்டு மாதமாக அவனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றேன். அவருக்கு அதில் ஒன்றிரண்டு மட்டும் கனவு மாதிரி நினைவில் இருந்தது. எட்டி ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார்.

“வெயில்ல நிக்கான் பாரு. உள்ள வந்து சாப்பிடச் சொல்லு” என்றார். “நான் பேசலை. நீ சொல்லு.”

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் நான். பிறகு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, என் பெயரை ஏன் போடவில்லை என்று அவனிடம் கேள் என்றார். அவன் இரண்டடி தூரத்தில் இருக்கிறான்! கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் பேச விடாத பதிலை அவன் அப்போதுதான் சொன்னான்.

“பட்டியல் எழுதினது என் காதுமணி, மதினி. வருஷக்கணக்குல நான் யாரு பேரையெல்லாம் மறந்து மறந்து அதுகிட்ட கேட்டேனோ, அத்தனை சொந்தக்காரங்களையும் அது எழுதுச்சு. நாப்பத்தேழு பேரு. அப்படியே அச்சுக்குக் குடுத்துட்டேன், அது என் தப்புதான். அண்ணன் பேரை நான் ஒருநாளும் அதுகிட்ட கேட்டதில்ல. கேட்ட பேரைத்தான அது பட்டியல்ல எழுதும்.”

இதை நான் என் கணவரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், முறைப்படி. ஊரையே வாயால் அடக்குகிற எனக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அவருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே கையிலிருந்த சோற்றை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு இன்னும் ரெண்டு அப்பளம் போடு” என்றார்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கனகவேல் வாரத்துக்கு நான்கு நாள் வருகிறான். மதுமிதாவின் பிள்ளை இவர் மடியைவிட்டு இறங்குவதில்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் இன்றுவரை நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். எனக்கு வாய் வலிக்கிறது. போன வாரம் கனகவேலிடம், இந்த வீம்பை நீங்கள் இரண்டு பேரும் என்றைக்குத்தான் விடப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அண்ணன் என்கிட்ட நேராப் பேசிட்டா எனக்குப் பயமா இருக்கும் மதினி. மறுபடி காரை எடுத்துக்கிட்டு திருநெல்வேலிக்கு ஓடணும்” என்றான்.

உள்ளே இருந்து என் கணவர் கூப்பிட்டார். டீ ஆறிப்போகிறதாம், அவனிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.